குழந்தையைச் சுமக்க எந்தத் துணி நல்லது?



சந்தைக்குப் போக வேண்டும், பஸ் ஏற வேண்டும். கைக்குழந்தையை யாரிடம் விடுவது? பழைய புடவையால் மார்போடு கட்டிக்கொள்ளலாமா, டவுன் கடையில் விற்கும் பெல்ட் வைத்த பையை வாங்கலாமா என்று பல வீடுகளில் யோசிக்கிறார்கள். விலையைப் பார்ப்பதற்கு முன் மூன்றைப் பாருங்கள்: மூச்சு, கழுத்து, இடுப்பு.

மூச்சு: பச்சைக் குழந்தையின் மூச்சுக்குழாய் மெல்லியது. துணிக்குள் குழந்தை சுருண்டு, தாடை நெஞ்சில் அழுந்தினால் மூச்சு அடைபடும். சத்தம்கூட வராது. முதல் நான்கு மாதம், குறைமாதக் குழந்தை, சளி பிடித்த குழந்தை என்றால் அதிக கவனம் தேவை. குழந்தையை நிமிர்த்தி, உங்கள் மார்பைப் பார்த்தபடி கட்டுங்கள். தலையை ஒரு பக்கம் திருப்பி வையுங்கள். முகம் எப்போதும் உங்கள் கண்ணில் பட வேண்டும். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும்.

கழுத்து: "கழுத்து நிக்கட்டும், அப்புறம் இடுப்புல வெச்சுக்கோ" என்று பாட்டி சொல்வது சரியே. தலை தானாக நிற்கும்வரை துணி பிடரியையும் தாங்க வேண்டும்.

இடுப்பு: தொடை எலும்பின் பந்து போன்ற தலை, இடுப்புக் கிண்ணத்தில் பொருந்தி வளரும் காலம் இது. இரண்டு காலையும் நேராக நீட்டி இறுக்கிக் கட்டினால் பந்து கிண்ணத்தை விட்டு விலகக்கூடும். தவளை உட்கார்வதுபோல் தொடைகள் விரிந்து, முழங்கால் புட்டத்தைவிடச் சற்று மேலே இருக்கட்டும். கடைப் பையிலும் இதையே பாருங்கள். அடிப்பாகம் ஒரு முழங்காலிலிருந்து மறு முழங்கால்வரை தாங்க வேண்டும். கால் தொங்கும் பை வேண்டாம்.

துணி பருத்தியாக இருக்கட்டும். நைலான் வழுக்கும், முடிச்சு நழுவும், வியர்க்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நைந்த துணியைத் தள்ளிவிடுங்கள். இரட்டை முடிச்சு போடுங்கள். குனியும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி, ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொள்ளுங்கள். குழந்தையைக் கட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்காதீர்கள், கிணற்றில் நீர் இறைக்காதீர்கள், மருந்து தெளிக்கும் வயலுக்குப் போகாதீர்கள், மோட்டார் சைக்கிளில் ஏறாதீர்கள்.

எடை குறைந்து பிறந்த குழந்தைக்குத் தாயின் மார்புச் சூடே மருந்து. 1970களின் இறுதியில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத மருத்துவமனை ஒன்றில், குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு அணைத்து வளர்க்கும் முறையை டாக்டர்கள் தொடங்கினார்கள். கங்காரு முறை என்று அதற்குப் பெயர். இரண்டரை கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு, நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் இப்படி அணைத்திருக்க உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது. எப்படிக் கட்டுவது என்று நர்சம்மாவிடம் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

தந்தையரே! "அது பொம்பளை வேலை" என்று ஒதுங்காதீர்கள். உங்கள் மார்பிலும் அதே சூடு உண்டு. தாய் சாப்பிட, குளிக்க, கொஞ்சம் கண்ணயர நீங்கள் கட்டிக்கொள்ளுங்கள்.

குழந்தையின் தொடை மடிப்புகள் ஒன்றுபோல் இல்லையா? ஒரு கால் மட்டும் சரியாக விரியவில்லையா? "போகப் போகச் சரியாயிடும்" என்று காத்திருக்க வேண்டாம். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்தால் பெரும்பாலும் கத்தியில்லாமலே குணமாக்கலாம்.