இருதய நோயாளரின் மறுவாழ்வும் மனநலமும்

மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்று ஒருவர் வீடு திரும்பினால், "பிழைத்துக்கொண்டார்" என்று நாம் ஆறுதல் அடைகிறோம். பிழைத்தவர் பின்னர் எவ்வாறு வாழ்கிறார் என்பதோ வேறொரு கேள்வி. நோயாளரைச் சந்திக்கும் பணியிலுள்ள நாம் இக்கேள்வியைச் சிந்திப்பது இன்றியமையாததாகும்.

மாரடைப்புக் கண்டவரைப் பல வாரங்கள் படுக்கையிலேயே கிடத்துவது ஒரு காலத்தில் மருத்துவ மரபாக இருந்தது. அவரை நாற்காலியில் அமர்த்தலாம் என்பதை 1952-இல் லெவின், லௌன் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் எடுத்துக்காட்டினர். 1964-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, இருதய நோயாளரின் மறுவாழ்வு உடல், மனம், சமுதாயம் ஆகிய மூன்றையும் தழுவியது என விளக்கிற்று. இம்மூன்றில் மனமே பெரும்பாலும் மறக்கப்படுகிறது.

தருமபுரி மாவட்டத்தை எண்ணிப் பார்ப்போம். இங்கு அரசு மருத்துவக் கல்லூரி 2008-இல் தோன்றியது. எனினும் அரூர், பென்னாகரம், பாலக்கோடு ஆகிய பகுதிகளிலிருந்து சேலத்திற்கும் பெங்களூருக்கும் சென்று சிகிச்சை பெறுவோர் பலர். ஊர் திரும்பியபின் மருத்துவமனை தொலைவிலாகிவிடுகிறது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவிற்கும் உரிய மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. மனநிலையை விசாரிப்பவர் யார்?

கேழ்வரகும் மரவள்ளியும் பயிரிட்டவர், கட்டட வேலைக்குச் சென்று குடும்பத்தைக் காத்தவர் ஆகியோருக்கு உழைப்பே மதிப்பு. "நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று வீட்டார் அன்பினால் சொல்வது, "நீ இனிப் பயன்பட மாட்டாய்" என்றே அவர் செவியில் விழுகிறது. இரவில் நெஞ்சு சிறிது படபடத்தாலும் மரண பயம் எழுகிறது. இல்லற உறவு பற்றிய அச்சத்தைக் கணவனும் மனைவியும் எவரிடமும் கேட்பதில்லை. கடனோ தூக்கத்தைக் கெடுக்கிறது.

மாரடைப்புக்குப் பின் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கடுமையான மனச்சோர்வு உண்டாகிறது. சோர்ந்தவர் மாத்திரையைத் தவிர்க்கிறார், நடப்பதை நிறுத்துகிறார், விட்ட பீடியை மீண்டும் எடுக்கிறார். மாண்ட்ரியல் நகரில் 222 நோயாளரை ஆராய்ந்து 1993-இல் வெளியான ஆய்வு, சோர்வுற்றோரிடையே ஆறு மாதங்களுக்குள் இறப்பு மிகுந்திருந்ததைக் காட்டியது. ஆனால், 2,481 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2003-இல் வெளியான ஆய்வில், உளவியல் சிகிச்சை சோர்வைக் குறைத்ததேயன்றி ஆயுளை நீட்டியதாகத் தெரியவில்லை. அப்படியானால் அது வீணோ? அன்று. துயருறும் மனிதனின் துயர் தணிவதே போதிய காரணமாகும்.

நாம் செய்யத்தக்கவை சில உண்டு. முதலாவதாக, அச்சத்தை அவிசுவாசம் என்று கடிந்துகொள்ளலாகாது; அது நோயோடு வந்தது. இரண்டாவதாக, கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் நாட்டமற்றிருந்தாரா, மனம் தளர்ந்திருந்தாரா எனக் கேட்கவேண்டும். மருத்துவர்களும் இவ்விரு வினாக்களிலிருந்தே தொடங்குகின்றனர். ஆம் என்றால் மருத்துவரிடம் அனுப்பவேண்டும். வாழ்வே வேண்டாம் என்று அவர் கூறின், தனியே விடாது உடனே உதவி நாடவேண்டும். 14416 என்னும் தொலைபேசி எண்ணில் மனநல ஆலோசனை கிடைக்கும். மூன்றாவதாக, மருத்துவர் அனுமதித்த அளவில் அவரோடு நாமும் வரப்போரம் நடக்கலாம்; விதை பொறுக்குதல், கணக்கெழுதுதல் போன்ற சிறு பொறுப்புகளை அவரிடம் ஒப்புவிக்குமாறு வீட்டாருக்குச் சொல்லலாம்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ மீண்டும் தோன்றினால், அது மனப்பயம் என்று நாமே தீர்மானியாமல் 108 ஊர்தியை அழைக்கவேண்டும்.

மறுவாழ்வுக்கென மருத்துவமனையில் தனிக்கூடம் இல்லாத ஊரில், வீட்டுத் திண்ணையும் வயல் வரப்புமே அக்கூடமாகும். அங்கு அவரைத் தனித்திருக்க விடாதிருப்பதே நம் பணி.