காவல் தளர்ந்தால் விழிக்கும் வைரஸ்

1971ஆம் ஆண்டு வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒருவரின் சிறுநீரகம் மற்றொருவருக்குப் பொருத்தப்பட்டது. இந்தியாவில் வெற்றி பெற்ற முதல் சிறுநீரக மாற்று அறுவை அதுவே. இன்று தமிழ்நாட்டில் கல்லீரலும் இதயமும்கூட மாற்றிப் பொருத்தப்படுகின்றன. ஆனால் அறுவை முடிந்ததும் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. சில மாதங்களுக்குள் நோயாளியின் குடலில் ஒரு புதிய தொல்லை தோன்றலாம். ஏன் என்று பார்ப்போமா?

நம் இரத்த வெள்ளணுக்களில் ஒரு வகை, அயற்பொருளை இனங்கண்டு தாக்குகிறது. நோய்க் கிருமியும் அதற்கு அயல்தான். உயிர் காக்க வந்த சிறுநீரகமும் அயல்தான். 1954இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரே கருவிலிருந்து தோன்றிய இரட்டையரிடையே சிறுநீரக மாற்று நடந்தது. அங்கே இந்தச் சிக்கல் எழவில்லை. மற்றவர்களுக்கோ அந்தக் காவலை மருந்துகளால் தளர்த்தியே ஆகவேண்டும்.

காவல் தளர்ந்ததும் சைட்டோமெகலோ வைரஸ் விழித்துக்கொள்கிறது. நம் நாட்டில் பெரியவர்களில் மிகப் பெரும்பாலோர் உடலில் இது முன்பே புகுந்து, தீங்கின்றி உறங்கிக் கிடக்கிறது. பொருத்தப்படும் உறுப்போடும் வந்து சேரலாம். இது குடலில் பெருகினால் புண்கள் உண்டாகும்; காய்ச்சல், வயிற்றுப்போக்கு, இரத்தக் கசிவு ஏற்படும். குடல் துளைபட்டால் உயிருக்கே ஆபத்து.

இதை எப்படிக் கண்டறிவது? இந்த வைரஸின் குறுக்களவு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 5000இல் 1 பங்கு. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமே இதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு! ஆகவே சாதாரண நுண்ணோக்கியில் வைரஸின் உருவம் தெரியாது. ஆனால் அது புகுந்த செல் பருத்துவிடும். அதன் உட்கரு ஆந்தையின் கண் போலத் தோன்றும். எனவே உள்நோக்கிக் குழாயைச் செலுத்திக் குடல் திசுவில் சிறு துணுக்கை எடுத்து ஆராய்கிறார்கள். இரத்தத்தில் வைரஸ் தென்படாதபோதும் குடலில் அது இருக்கக்கூடும் என்பதால் இச்சோதனை இன்றியமையாதது.

கான்சைக்ளோவிர் என்னும் மருந்து வைரஸ் தன் டி.என்.ஏ.யைப் படியெடுப்பதைத் தடுக்கிறது. அத்துடன் காவலைத் தளர்த்தும் மருந்துகளையும் மருத்துவர் தேவைக்கேற்பக் குறைப்பார். மிகவும் குறைத்தால் உடல் புதிய உறுப்பைத் தாக்கும். குறைக்காவிட்டால் வைரஸ் பெருகும். நம் புதுக்கோட்டைக் கண்மாய்களை எண்ணிப் பாருங்கள். நீரை மிகுதியாகத் திறந்துவிட்டால் கண்மாய் வற்றும். விடாமல் தேக்கினால் கரை உடையும். அளவறிந்து திறப்பதில்தான் திறமை இருக்கிறது.

ஆகவே, மாணவர்களே, உறுப்பு மாற்றம் பெற்ற ஒருவருக்கு வயிற்றுப்போக்கு நீடித்தால் கடை மாத்திரையோடு நின்றுவிடக் கூடாது. தாமாக மருந்தை நிறுத்தவும் கூடாது. உடனே தம் மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்று எடுத்துச் சொல்லுங்கள்.