பிள்ளைப்பேறும் காப்புறுதியும்

"காப்புறுதி ஈக்கிதானே, ஏன் நகைய அடகு வெக்கிற?" மணமுடித்து ஏழு வருடமாகியும் பிள்ளையில்லாத தங்கச்சி ஒருத்தியிடம் கேட்டேன். "அதுல இதுக்குத் தர மாட்டாங்க தாத்தா" என்றாள். ஒப்பந்தத்தை வாங்கி வாசித்தேன். உண்மைதான். 'விலக்குகள்' என்ற தலைப்பின் கீழ், ஒரே வரியில் தள்ளிவிட்டிருந்தார்கள்.

ஏன் இப்படி? காப்புறுதி என்பது எதிர்பாராத இழப்பைப் பலர் சேர்ந்து சுமப்பது. பிள்ளையின்மையைக் கம்பனிகள் நோயாகக் கொள்வதில்லை. தேவையுள்ளவர்கள் மட்டுமே தேடி வந்து சேர்ந்தால் செலவு கட்டுமீறும் என்ற பயமும் உண்டு. ஆனால் உலக சுகாதார ஸ்தாபனம் இதனை நோய் என்றே வரையறுக்கிறது. வாழ்நாளில் ஆறு பேரில் ஒருவர் இதற்கு ஆளாவதாக அதன் 2023ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது.

கம்பனிகளின் பயத்துக்கு வழியில்லாமலில்லை. அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலம் 1987இல் சட்டமியற்றி, மகப்பேற்றுச் செலவை ஏற்கும் காப்புறுதிகள் இச்சிகிச்சையையும் ஏற்க வேண்டும் என்றது. எல்லோரும் சுமக்கும்போது தலைக்கு விழும் பாரம் சிறிது. ஜேர்மனியோ எல்லை வகுத்தது. 2004 முதல் அங்குள்ள பொதுக் காப்புறுதி மூன்று முயற்சிகளுக்குப் பாதிச் செலவைத் தருகிறது. மனைவிக்கு வயது 25 முதல் 40க்குள், கணவனுக்கு 50க்குள் இருக்க வேண்டும். மணமானவர்களாகவும், முட்டையும் விந்தும் அத்தம்பதியினுடையதாகவும் இருப்பது நிபந்தனை.

இந்தக் கடைசி நிபந்தனை நமக்குப் புதிதல்ல. எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷெய்க் ஜாத் அல்ஹக் 1980இல் வழங்கிய ஃபத்வா, கணவன் மனைவிக்கிடையிலான பரிசோதனைக் குழாய் முறையை அனுமதித்து, மூன்றாமவரின் விந்தையும் முட்டையையும் தடுத்தது. ஆகவே, பரஸ்பர உதவியை அடிப்படையாகக் கொண்ட தகாஃபுல் நிதியொன்று, இதே வரம்புக்குள் ஓரிரு முயற்சிகளுக்காவது கைகொடுக்கலாமே என்று கேட்பதில் தவறென்ன?

அதுவரை, கையொப்பமிட முன் மூன்றைக் கேளுங்கள்: பரிசோதனைகளுக்குத் தருவீர்களா? குழாய் அடைப்பு, கட்டி முதலியவற்றின் சத்திரசிகிச்சைக்கு? காத்திருப்புக் காலம் எவ்வளவு? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கடைசியாக அவளிடம் கேட்டேன்: "மச்சான் செக் பண்ணினாரா?" தலையைக் குனிந்துகொண்டாள். ஏழு வருடமாக மருந்து குடித்தவள் அவள் மட்டுமே. குறை இருபாலாரிடமும் இருக்கலாம். விந்துப் பரிசோதனைக்கு நகை அடகு வைக்கத் தேவையில்லை. வெட்கத்தை விட்டால் போதும்.