திரையில் துடிப்பது யாருடைய இதயம்?

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஓர் ஆய்வுக்கூடம். மாரடைப்பில் பிழைத்த ஒருவரின் எம்.ஆர்.ஐ. ஸ்கேனை வைத்து, அவருடைய கீழறைகளை கம்ப்யூட்டருக்குள் முப்பரிமாணத்தில் எழுப்புகிறார்கள். செத்துப்போன தசை, அரைகுறையாகப் பிழைத்த தசை, நல்ல தசை என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் தருகிறார்கள். பிறகு அந்தத் திரை இதயத்தின் பல இடங்களில் மின்துடிப்பு கொடுத்துச் சீண்டிப் பார்க்கிறார்கள். ஏதோ ஓர் இடத்தில் சீண்டியதும் மின் அலை, செத்த தசையின் தழும்பைச் சுற்றி நிற்காமல் வட்டமடித்தால், நிஜ இதயமும் அப்படித் தறிகெட்டுத் துடிக்கும் ஆபத்து இருக்கிறது என்று கணக்கு. நோயாளியின் உடம்பில் கத்தீட்டர் எனும் மெல்லிய குழாய் ஏதும் நுழைவதில்லை.

‘பம்பிங் முப்பது சதவீதம்தான் இருக்கு’ என்று டாக்டர் சொல்லக் கேட்ட குடும்பங்களுக்கு இதன் அருமை புரியும். தறிகெட்ட துடிப்பை மின்னதிர்ச்சியால் நிறுத்தும் டிஃபிப்ரிலேட்டர் கருவியை யாருக்குப் பொருத்துவது என்பதை இன்றும் பெரும்பாலும் அந்தப் பம்பிங் அளவுதான் முடிவு செய்கிறது. எல்லைக்கோடு 35 சதவீதம். கோட்டுக்குக் கீழே இருப்பதால் கருவி பொருத்திக்கொண்ட பலருக்கு அது கடைசிவரை ஒருமுறைகூட வேலை செய்ய நேர்வதில்லை. கோட்டுக்கு மேலே இருப்பவர்களிலும் சிலர் திடீரென்று போய்விடுகிறார்கள். 2016-இல் அந்த ஆய்வுக்கூடத்தில் 41 நோயாளிகளின் திரை இதயங்களைச் சோதித்தபோது, பழைய அளவுகோல்களைவிட அவை நன்றாகவே ஆபத்தைக் கணித்தன. 2018-இல் அடுத்த படி: துடிப்புக் கோளாறை அடக்க, கத்தீட்டர் நுனியால் இதயத்தில் எந்த இடத்தைச் சுட வேண்டும் என்று திரையிலேயே தேடினார்கள். ஏற்கெனவே சிகிச்சை முடிந்த 21 பேரிடம் சரிபார்த்துவிட்டு, 5 பேருக்கு முன்கூட்டியே இடம் குறித்துக் கொடுத்தார்கள். 2019-இல் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ள 10 பேருக்கு இதே வழி.

எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் என்னை உறுத்துவது அதுவல்ல. அந்தப் படத்தில் எவ்வளவு நோயாளியுடையது, எவ்வளவு இரவல்?

இதயத் தசைக்கு மரத்தைப் போல வரி உண்டு. இடது கீழறைச் சுவரின் உட்பரப்பில் இழைகள் ஒரு பக்கமாக ஏறத்தாழ 60 பாகை சாய்ந்திருக்கும். வெளிப்பரப்பை எட்டுவதற்குள், ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தடிமனிலேயே, எதிர்ப்பக்கம் 60 பாகைக்குத் திரும்பிவிடும். மின் அலை இந்த வரியோடு போகும்போது, குறுக்கே போவதைவிட இரண்டு மூன்று மடங்கு வேகமாகப் போகும். அலை திரும்பி வந்து வட்டமாகுமா, பாதியில் அணையுமா என்பதில் இந்த வரிக்கும் பங்கு உண்டு. ஆனால் துடித்துக்கொண்டிருக்கும் மனிதரை வழக்கமாக எடுக்கும் ஸ்கேனில் இந்த வரி தெரியாது. அதனால் வடிவத்தையும் தழும்பையும் மட்டும் ஸ்கேனிலிருந்து எடுத்துக்கொண்டு, உள்ளே இழைகளை ஒரு விதிப்படி நிரப்புகிறார்கள். அந்த விதி, உடலிலிருந்து எடுத்த இதயங்களை அடுக்கடுக்காக ஆராய்ந்து கிடைத்தது. நாய் இதயங்களும் அதில் சேர்த்தி.

இந்த இரவல் பழக்கம் இன்று தொடங்கியதல்ல. 1960-இல் லண்டனில் ஓர் ஆய்வு மாணவர், கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் பின்னிரவு நேரத்தைக் கேட்டு வாங்கி, இதய செல்லின் மின்துடிப்பை முதன்முதலில் கணக்கில் வரவழைத்தார். அளவுகள் ஆட்டு இதயத்தில் மின்துடிப்பைக் கடத்தும் பர்கின்ஜி இழையுடையவை. 1964-இல் வந்த ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் மாதிரியில் இதயத்தின் வடிவமே கிடையாது. 992 அறுகோணக் கட்டங்கள் கொண்ட தட்டையான விரிப்பு, அவ்வளவே. உடற்கூறு பின்னால்தான் வந்தது: நாய், பிறகு முயல். 2006-இல் வெளியான ஒரு மேலறை மாதிரிக்கு அடிப்படை, தன் உடலை அறிவியலுக்குத் தந்த 59 வயது அமெரிக்கப் பெண்மணி. அவர் உடல் மூன்றில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் சீவிப் படமெடுக்கப்பட்டது. ஆட்டையும் முயலையும் நான் குறை சொல்லவில்லை. அவை இல்லாமல் இந்தத் துறையே இல்லை.

தழும்புக்கு வருவோம். ஸ்கேனில் தழும்பு வெளுப்பாகத் தெரியும். எவ்வளவு வெளுத்தால் செத்த தசை, எவ்வளவு வரை பாதி உயிர் என்ற வரம்பை மனிதர்தான் வைக்கிறார். ஆய்வுக்குழுவுக்கு ஆய்வுக்குழு அது மாறுகிறது. வரம்பைச் சற்று நகர்த்தினால், தழும்புக்கு நடுவே உயிரோடு ஓடும் ஒற்றையடிப் பாதை திறக்கும் அல்லது மூடும். சுட வேண்டிய இடமோ அந்தப் பாதைதான்! மேலறையில் சிக்கல் இன்னும் அதிகம். அங்கே சுவரின் தடிமனே பெரும்பாலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர். ஸ்கேனின் ஓரிரு புள்ளிக்குள் அடங்கிவிடும்.

இழைகளின் சாய்வில் சிறு பிழை இருந்தாலும் முடிவு பெரிதாக மாறுவதில்லை, டாக்டர்கள் இதயத்துக்குள் கத்தீட்டர் விட்டு வரையும் மின்வரைபடத்திலும் ஓட்டைகள் உண்டு என்கிறார்கள் மாதிரி கட்டுபவர்கள். இருக்கலாம். ஆனால் கத்தீட்டர் தொடாத இடம் வரைபடத்தில் வெற்றிடமாகத் தெரியும். திரை இதயத்தில் அளந்த இடமும் நிரப்பிய இடமும் ஒரே பளபளப்பில் இருக்கின்றன.

நம் நாட்டுக்கு வரும்போது கவலை கூடுகிறது. ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கி, இடது மேலறை வீங்கிப்போய், அதனால் துடிப்பு தறிகெட்டவர்கள் இங்கே இன்னமும் நிறைய. பால்டிமோரில் சரிபார்த்த விதியும் வரம்பும் அப்படி உருமாறிய மேலறைக்குப் பொருந்துமா என்பதை இங்கே, நம் நோயாளிகளின் ஸ்கேனில்தான் பார்க்க வேண்டும்.

2018-இன் அந்த 5 பேருக்கும் சிகிச்சை தொடங்கும் முன்பே சுட வேண்டிய இடம் டாக்டர் கையில் இருந்தது. ஒரே படமாகக் கொடுப்பதற்குப் பதில், தழும்பின் வரம்பை ஒரு படி ஏற்றியும் ஒரு படி இறக்கியும் கணக்கை மறுபடி ஓட்டி, மூன்று படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் கொடுக்கலாமே. மூன்றிலும் மாறாத இடம் எது, ஒன்றில் மட்டும் தலைகாட்டும் இடம் எது என்று சுடப்போகிறவருக்குத் தெரியும். கூடுதலாக ஆவது கம்ப்யூட்டர் நேரம்தான். 1960-ஐப் போல அதற்காக யாரும் பின்னிரவில் கண்விழிக்க வேண்டியதில்லை.