தெருவே என் ஸ்டூடியோ

“தெருவில் அப்படி என்ன இருக்கிறது, வேலை மெனக்கெட்டுப் படம் எடுக்க?” என்று என்னைக் கேட்காத நண்பர்கள் மும்பையில் குறைவு. கல்யாணங்களுக்குப் போய் எடுத்தாலாவது நாலு காசு பார்க்கலாமே என்பது அவர்கள் ஆதங்கம். போட்டிகளுக்குப் படம் அனுப்புகிறேன் என்று தெரிந்ததும் அடுத்த கேள்வி, “பரிசு எவ்வளவு?” எப்போதும் செல்போனும் கையுமாக இருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பயன்படட்டும் என்றுதான் என் அனுபவத்தை இங்கே எழுதுகிறேன்.

தெருவில் நான் ஆட்களைத் துரத்துவதில்லை. முதலில் இடத்தைத் தேர்ந்தெடுப்பேன், பிறகு காத்திருப்பேன். தாதர் ஸ்டேஷனை ஒட்டிய பூ மார்க்கெட்டில் காலை வெயில் சாய்வாக விழும் ஒரு மூலை போதும். செண்டுப்பூ மூட்டையோடு ஒருவர் அந்த வெளிச்சத்துக்குள் வந்தே தீருவார். காமிராவில் 35 மி.மீ. லென்ஸ், துவாரம் எஃப் 8, ஃபோகஸை 3 மீட்டரில் நிறுத்திவிடுவேன். சுமார் 2 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். லென்ஸைத் திருகிக்கொண்டிருக்காமல் மனிதரைக் கவனிக்கலாம். ஒரு ரோலுக்கு 36 படங்கள் என்று எண்ணி எண்ணி எடுத்த காலத்தில் பழகிய பொறுமை இது. செல்போனில் ஆயிரம் எடுக்க முடிகிற இன்றும் கைகொடுக்கிறது.

காத்திருப்பதை விடக் கடினமான வேலை ஒன்று உண்டு. எடுத்ததில் எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று முடிவு செய்வதுதான் அது. பல போட்டிகளில் ஒரு பிரிவுக்கு 4 படங்கள்தான் அனுப்பலாம். ஓராண்டு எடுத்தவற்றிலிருந்து 4 படங்களைப் பொறுக்க உட்கார்ந்தால் தூக்கம் போய்விடும். ‘இதற்காக எவ்வளவு வெயிலில் நின்றேன்!’ என்ற பாசம் நடுவருக்குத் தெரியாது. அவர் பார்ப்பது படத்தை மட்டுமே. நம் படத்தை அயலார் கண்ணால் பார்க்கப் பழக்குகிறதே, அதுதான் போட்டியால் எனக்குக் கிடைத்த முதல் லாபம்.

ஆனால் அந்த அயலார் சொல்வதையெல்லாம் கேட்க வேண்டுமா? ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

தாராவியில் பொங்கலன்று 90 அடி சாலைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். வாசல் இல்லாத வீடுகளின் மக்கள், தெருவையே வாசலாக்கி வரிசையாக அடுப்பு மூட்டியிருப்பார்கள். ஓர் ஆண்டு அங்கே, திருநெல்வேலிப் பக்கத்து ஆச்சி ஒருவர் பொங்கி வரும் பானையைப் பார்த்துக் குலவையிட வாயெடுத்த கணம் என் காமிராவில் விழுந்தது. அவர் தலைக்கு மேலே ஒரு கொடி. அதில் பேரப்பிள்ளைகளின் பள்ளிச் சீருடைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு போட்டிக்கு அனுப்பும் முன் அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டினேன். “படம் பிரமாதம். அந்தத் துணிகள்தான் கண்ணை உறுத்துகின்றன. கம்ப்யூட்டரில் அழித்துவிடுங்கள், பரிசு நிச்சயம்” என்றார்.

இரண்டு நாள் யோசித்தேன். துணியை எடுத்துவிட்டால் அது எங்கோ ஒரு கிராமத்துப் பொங்கல். அந்தக் கொடி இருப்பதால்தான் அது தாராவிப் பொங்கல். இடமில்லாத ஊரில் இடம் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளையும் படிக்க வைத்த ஒரு குடும்பத்தின் கதை அந்தக் கொடியில்தான் தொங்குகிறது. கொடியோடேயே அனுப்பினேன். பரிசு வரவில்லை.

விதிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓவியம் போல அழகுபடுத்த அனுமதிக்கும் பிரிவுகள் உண்டு. அங்கே அழிப்பது குற்றமல்ல. செய்திப்படப் பிரிவில் அப்படியில்லை. பின்னணியில் தெரிந்த ஒரு பாதத்தின் சிறு பகுதியை அழித்ததற்காக, 2010-ல் வேர்ல்ட் பிரெஸ் ஃபோட்டோ போட்டியில் உக்ரைன் நாட்டவர் ஒருவர் பெற்ற பரிசு திரும்பப் பெறப்பட்டது. 2023-ல் சோனி உலகப் புகைப்பட விருதுப் போட்டியில் ஒரு பிரிவில் வென்ற ஜெர்மானியரோ, அது செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படம் என்று தாமே அறிவித்துப் பரிசை மறுத்தார். ஆகவே அனுப்பும் முன் விதிகளை முழுதும் படியுங்கள். எந்தப் பிரிவு, என்ன திருத்தம் செய்யலாம், நுழைவுக் கட்டணம் எவ்வளவு, படத்தின் உரிமை உங்களிடமே இருக்குமா என்று பாருங்கள். உரிமையைக் கேட்கும் போட்டிக்கு நான் அனுப்புவதில்லை.

இன்னொரு விதியும் உண்டு. அதை எந்தப் போட்டியும் அச்சிடுவதில்லை. அன்று அந்த ஆச்சி, “ஏய்யா, படம் புடிச்சிட்டுப் போறீயளே, எங்களுக்கு ஒண்ணு தரமாட்டீயளா?” என்று கேட்டார். அடுத்த வாரமே பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சில ஆண்டுகள் கழித்து அந்தப் பக்கம் போனபோது, அது சட்டம் போட்டு மாலையோடு சுவரில் இருந்தது. “ஆச்சி சிரிச்ச மாதிரி எங்கக்கிட்ட இருக்கது இது ஒண்ணுதான் சார்” என்றான் பேரன். கொடியில் தொங்கிய சீருடைகளில் எது தன்னுடையது என்றும் விரல் வைத்துக் காட்டினான்.

தாராவி மறுசீரமைப்புக்காக வீடு வீடாகக் கணக்கெடுப்பு 2024-ல் தொடங்கியது. அந்தத் தெருக்கள் இதே உருவில் வெகுகாலம் இருக்கப்போவதில்லை. நம்மவர் மூன்று தலைமுறையாக வாழ்ந்த தெரு எப்படி இருந்தது என்று நாளை யாராவது கேட்டால், துணிகளை அழித்த படத்தையா காட்டுவது?

எனவே இளைஞர்களே, போட்டிகளுக்குத் தாராளமாக அனுப்புங்கள். தோற்றால் மறுபடியும் அனுப்புங்கள். ஆனால் நடுவருக்காகத் தெருவைத் திருத்தாதீர்கள். எடுத்த படத்தின் பின்னால் தேதியும் இடமும் எழுதி வையுங்கள். படத்தில் இருப்பவருக்கு ஒரு பிரதி கொடுங்கள். பரிசு கிடைத்தால் நம் சங்கத்துக்கு இனிப்பு வாங்கி வாருங்கள், சந்தோஷமாகச் சாப்பிடுகிறோம்!