சின்னக் காயமும் பெரிய கேள்வியும்

"டீச்சர், எங்கட ராத்தாக்கு வயித்தப் பெரிசா வெட்டாம, சின்ன ஓட்டை போட்டு ஒப்பரேஷன் செய்யேலுமாம். அதுதானே நல்லம்?"

ஆசிரியர் அறையில் உடன் கற்பிக்கும் சகோதரி ஒருவர் இப்படிக் கேட்டார். அவருடைய ராத்தாவுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய். ஆரம்பக் கட்டத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். நான் தமிழ் படித்தவள், வைத்தியம் படித்தவளல்ல. ஆனாலும் "ஓம், அதுதான் நல்லம்" என்று சொல்ல வாய் வரவில்லை. தேடி வாசித்தேன். வாசித்தது நான் நினைத்ததற்கு மாறாக இருந்தது.

கருப்பையின் கீழ்முனைதான் கருப்பைக் கழுத்து. அங்கே கட்டி சிறிதாக இருக்கும்போது கருப்பையையும், அதன் பக்கத்து இழையங்களையும், யோனியின் மேற்பகுதியையும், இடுப்புக்குள் உள்ள நிணநீர்க் கணுக்களையும் அகற்றுவார்கள். வியன்னாவில் ஏர்ன்ஸ்ட் வேர்தைம் என்ற வைத்தியர் 1898இல் தொடங்கிய முறை, வயிற்றைத் திறந்து செய்வது. லெப்ரொஸ்கொபி பின்னாளில் வந்தது. காபனீரொட்சைட்டு வாயுவால் வயிற்றை உப்பவைத்து, சில சிறு துளைகளால் கமராவையும் மெல்லிய கருவிகளையும் செலுத்துவார்கள். ரோபோக் கைகளைக் கொண்டும் செய்வதுண்டு. இரத்த இழப்புக் குறைவு; சீக்கிரம் வீடு திரும்பலாம். இந்த நன்மைகள் பொய்யல்ல. அதனால்தான் பெரிய பரீட்சை எதுவும் நடக்குமுன்பே இம்முறை பரவிவிட்டது.

அந்தப் பரீட்சை 2008இல் தொடங்கியது. பல நாடுகளின் 33 வைத்தியசாலைகளில், ஆரம்பக் கட்ட நோயுள்ள 631 பெண்களை எழுமாறாக இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் திறந்த சத்திரசிகிச்சை, மற்றதற்குச் சிறுதுளைச் சத்திரசிகிச்சை. 740 பேரைச் சேர்ப்பதே திட்டம். ஆனால் பாதுகாப்புக் குழு எச்சரித்ததால் சேர்ப்பதை இடையிலேயே நிறுத்தினார்கள். ஹியூஸ்டனின் எம்.டி. அண்டர்சன் புற்றுநோய் நிலையத்தைச் சேர்ந்த பெட்ரோ ராமிரெஸ் தலைமையில் முடிவு 2018இல் வெளியானது.

நாலரை வருடத்தில் நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தோர் திறந்த முறையில் 96.5 வீதம், சிறுதுளை முறையில் 86 வீதம். இறந்தவர்கள் முறையே 3 பேர், 19 பேர். சத்திரசிகிச்சைக்குப் பின் ஆறு வாரத்திலும் மூன்று மாதத்திலும் பார்த்தபோது, வாழ்க்கைத் தரத்தில் இரு குழுவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. 2024இல் வந்த இறுதி முடிவும் திறந்த முறையின் பக்கமே நின்றது.

ஏன் இப்படி? காரணம் இன்னதுதான் என்று இன்னும் நிரூபிக்கப்படவில்லை, சந்தேகங்கள் உண்டு. சிறுதுளை முறையில் கருப்பையை அசைப்பதற்காகக் கீழ்வழியாக ஒரு கருவியைச் செலுத்துவார்கள். அது கட்டியை நசுக்கலாம். யோனியை உள்ளிருந்தே வெட்டும்போது கட்டி வயிற்றறைக்குள் திறந்துபடலாம். உள்ளே சுழலும் வாயு புற்றுக் கலங்களைச் சிதறடிக்கலாம்.

இதை வாசித்துவிட்டு லெப்ரொஸ்கொபி என்றாலே பயப்பட வேண்டாம். பித்தப்பை ஒப்பரேஷனுக்கு அது சிறந்த வழி. கருப்பையின் உட்சுவரில் வரும் புற்றுநோய்க்கும் அதனால் ஆயுள் குறைவதாகப் பரீட்சைகள் காட்டவில்லை. பக்கத்துப் பக்கத்து இடம்தான். ஆனாலும் ஒன்றுக்குச் சரியானது மற்றதற்குச் சரியாகவில்லை.

அந்தச் சகோதரியிடம் நான் எதையும் முடிவு செய்து சொல்லவில்லை. அது டொக்டரின் வேலை. கேட்க வேண்டிய கேள்விகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். கட்டி எத்தனை சென்ரிமீற்றர்? எந்தக் கட்டம்? எந்த முறையில் செய்யப் போகிறீர்கள், ஏன் அந்த முறை? 2018இல் வந்த முடிவுகள் ராத்தாவுக்கும் பொருந்துமா?

"டொக்டரிட்ட இப்படியெல்லாம் கேட்டா கோவிச்சுக்க மாட்டாரா?" என்றார்.

"கேளுங்க. உயிர் உங்கட ராத்தாட," என்றேன். தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.