மூக்கை நம்பாதீர்கள்



கிழக்கேகோட்டையிலும் சாலைக் கடைத்தெருவிலும் பிழைப்பை நடத்தும் நமக்குக் குளிர் என்பது அந்நியமான காரியம். தை மாத இரவிலும் மின்விசிறி சுழன்றுகொண்டிருக்கும். அறையைச் சூடாக்கும் ஹீட்டரை நம்மில் அநேகர் கண்டதுகூட இல்லை. ஆகவேதான் இதை உங்களுக்கு எழுதவேண்டியதாயிற்று.

2020 ஜனவரியில் கேரளத்தைச் சேர்ந்த 15 பேர் நேபாளத்திற்குச் சுற்றுலா சென்றிருந்தனர். பொக்காராவிலிருந்து திரும்பும் வழியில், 20-ஆம் தேதி இரவு, தாமன் என்னும் மலையூரில் தங்கினர். கடுங்குளிர். இரண்டு தம்பதியரும் நான்கு பிள்ளைகளுமாக எட்டுப்பேர் ஒரே அறையில், கேஸ் ஹீட்டர் எரிய, கதவையும் ஜன்னல்களையும் உட்புறம் தாழிட்டு நித்திரை செய்தனர். காலையில் ஒருவரும் எழும்பவில்லை. ஹெலிகாப்டரில் காத்மாண்டுக்குக் கொண்டுசென்றும் எட்டுப்பேரில் ஒருவரையும் காப்பாற்றக்கூடவில்லை. அவர்களில் ஐந்துபேர் திருவனந்தபுரத்தைச் சேர்ந்த ஒரே குடும்பத்தினர். அதே குழுவினர் தங்கியிருந்த மற்ற அறைகளில் யாருக்கும் சேதமில்லை.

கேஸோ, எண்ணெயோ, கரியோ, பெட்ரோலோ எதுவானாலும், போதிய காற்றில்லாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் சமையல் கேஸ் கசிந்தால் நாற்றம் வருகிறதே என்பீர்கள். அந்த நாற்றம் நம் பாதுகாப்புக்காகச் சேர்க்கப்படுவது. எரிந்தபின் உண்டாகும் விஷவாயுவில் அது இராது. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேலாக இந்த வாயுவைப் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, பின்பு மயக்கம், குமட்டல், சோர்வு. காய்ச்சல் இராது, வெளியே வந்தால் தணியும். வீட்டிலுள்ள பலருக்கு ஒரே நேரத்தில் இப்படி உண்டானால் உடனே சந்தேகியுங்கள்.

ஒன்றைக் குறித்து விசேஷமாக எச்சரிக்கிறேன். கொரோனா நாட்களில் நாம் வாங்கிவைத்த, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை இதில் நம்பலாகாது. ஹீமோகுளோபின் பற்றியிருப்பது ஆக்சிஜனா விஷவாயுவா என்று அதற்குப் பிரித்தறியத் தெரியாது. உயிர் போகும் நிலையிலும் 98 என்று காட்டக்கூடும். மருத்துவமனையில் இரத்தத்தில் கார்பாக்ஸிஹீமோகுளோபின் அளவைப் பார்க்கும்படி நீங்களே கேளுங்கள்.

குளிர்நாட்டுக்கு நாங்கள் போவதில்லையே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 2024 டிசம்பரில் வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவன் வண்டிக்குள் இருவர் மரித்துக் கிடந்தனர். ஜெனரேட்டரின் புகை வண்டிக்குள் ஏறியதே காரணம் என்று நிபுணர்களின் பரிசோதனையில் தெரியவந்தது. மின்சாரம் தடைபட்டதும் ஜெனரேட்டரைக் கடையின் உள்வாசலில் வைக்கிறவர்கள் நம்மிடையே இல்லையா? முழு இரவு ஜெபத்தில் ஜெனரேட்டரின் இரைச்சல் கேளாதபடி ஜன்னல்களை அடைத்துவிட்டு, அதையோ சுவரையொட்டி வைத்திருப்பதையும் காண்கிறோம். அது கட்டடத்துக்கு வெளியே, புகை உள்ளே திரும்பாத தூரத்தில் நிற்கவேண்டும். பெங்களூரிலும் மும்பையிலும் வாடகைவீட்டில் இருக்கும் பிள்ளைகளிடம், குளியலறைக்குள் கேஸ் கீசர் உண்டா என்று இன்றே கேளுங்கள். இருந்தால் அதை வெளியே மாற்றும்வரை வெந்நீரை அடுப்பில் காய்ச்சுவதே நலம்.

இங்கிலாந்திலும் கனடாவிலும் வீட்டைச் சூடாக்க எண்ணெய் பாய்லர் வைத்திருக்கும் வீடுகள் பல. அங்கே குடியேறிய நம் பிள்ளைகள் அதை ஆண்டுக்கொருமுறை சோதிப்பிக்கவேண்டும். பழகிய தொழிலாளி புகைக்குழாயிலுள்ள சிறு துளையில் கருவியின் குழலைச் செலுத்தி, கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜன், வெப்பம் ஆகியவற்றை அளப்பார். புகையை ஒரு வெள்ளை வடிதாளின் வழியே இழுத்து, படியும் கரும்புள்ளியை அளவுப்பட்டையோடு ஒப்பிட்டும் பார்ப்பார். கதவுகளை அடைத்து, புகைபோக்கி விசிறிகளை ஓடவிட்டு, குழாய்ப் புகை வீட்டுக்குள் திரும்புகிறதா என்று பார்ப்பதும் நல்லது. கேஸ் எரியும் கருவியானால், சுவாலை நீலமாயிருக்கிறதே என்று அமர்ந்துவிடலாகாது. கேஸில் மஞ்சள் சுவாலையும் கரியும் ஆபத்தைக் காட்டும். ஆனால் நீலம் மட்டுமே சாட்சியாகாது.

சோதனை ஆண்டில் ஒருநாள். மற்ற நாட்களுக்குக் காவல், இந்த வாயுவுக்கென்றே உள்ள அலாரம். புகை அலாரமும், சமையல் கேஸ் கசிவைக் காட்டும் கருவியும் வேறு. அவை இதை அறியா. ஐரோப்பியத் தரத்தின்படி, காற்றின் பத்து லட்சம் பங்கில் இவ்வாயு 50 பங்கு இருந்தால் 60 முதல் 90 நிமிடங்களுக்குள்ளும், 300 பங்கு இருந்தால் 3 நிமிடங்களுக்குள்ளும் அது ஒலிக்கவேண்டும். பொத்தானை அழுத்தினால் சத்தம் கேட்கிறது என்பதால் உள்ளிருக்கும் உணரியும் நலமாயிருக்கிறது என்று எண்ணவேண்டாம். உணரிக்கு ஆயுள் சில ஆண்டுகளே. மாற்றவேண்டிய தேதி அலாரத்தின்மேல் அச்சிடப்பட்டிருக்கும். மின்கலத்தில் ஓடும் சிறிய அலாரமும் உண்டு. மூணாறுக்கோ கொடைக்கானலுக்கோ குடும்பமாகப் போகிறவர்கள், கம்பளியோடு அதையும் பெட்டியில் வையுங்கள். கரியடுப்பை மாத்திரம் அறைக்குள் கொண்டுபோகாதிருங்கள்.

அலாரம் ஒலித்தால், தூங்குகிறவர்களை எழுப்பிக்கொண்டு முதலாவது வெளியே வாருங்கள். போன் செய்வதெல்லாம் அதற்குப்பின். உள்ளே விட்டுவந்த பணப்பைக்காகத் திரும்பிப் போகாதிருங்கள்.